உரிமம் மாறிய செய்தியும் உங்கள் முதல் மறுமொழியும்

‘அந்த மென்பொருள் இனி ஓப்பன் சோர்ஸ் (திறந்த மூலநிரல்) இல்லையாம்’ என்று ஒரு செய்தி வரும். அரைமணி நேரத்தில் மறுமொழிகள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும். ‘முதுகில் குத்திவிட்டார்கள்’ என்பார் ஒருவர். ‘சும்மா கிடைத்ததற்கு இவ்வளவு பேச்சா’ என்பார் அடுத்தவர். உரிமக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இந்த விவாதங்களுக்குள் புதிதாக வருபவருக்கு ஒரு வேலைமுறை இங்கே இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். சட்டம் படித்திருக்க வேண்டாம். கிட் களஞ்சியத்தில் ஒரு கோப்பின் வரலாற்றைப் பார்க்கத் தெரிந்தால் சரி. இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை ‘அப்படிச் செய்ய உரிமை உண்டா’ என்பதையும் ‘அப்படிச் செய்தது சரியா’ என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த இரண்டையும் பிரித்தெடுக்கத்தான்.

படி 1: சொல்லைச் சரிபாருங்கள்

இதில் தமிழில் எழுதுபவருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையில்லாததையும் விடுதலையையும் குறிக்கிறது. அந்தக் குழப்பம் நாற்பது ஆண்டாகத் தீரவில்லை. நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. அப்படியிருந்தும் ‘இலவச மென்பொருள்’ என்று எழுதி, இல்லாத குழப்பத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறோம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வந்தது. அவர்கள் வரையறையில் நான்கு உரிமைகள், எண்ணிக்கை 0இல் தொடங்கும்: எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலைப் படித்து மாற்றலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றிய பிரதியையும் கொடுக்கலாம். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998இல்தான் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய ஓ.எஸ்.ஐ. (ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்) அமைப்பின் வரையறையில் 10 நிபந்தனைகள். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் தன் திட்டத்துக்காக எழுதிவைத்திருந்த வழிகாட்டு நெறிகளிலிருந்து எடுத்தவை. இவற்றில் 5, 6 என்ற இரண்டு நிபந்தனைகளில்தான் இன்றைய சண்டைகள் பெரும்பாலும் நிற்கின்றன. எந்த ஆளையும் குழுவையும் ஒதுக்கக் கூடாது என்கிறது 5. எந்தத் துறையையும் ஒதுக்கக் கூடாது என்கிறது 6. ‘போட்டி நிறுவனம் தவிர மற்றவர்கள் பயன்படுத்தலாம்’ என்று ஓர் உரிமம் சொன்னால் அது இந்த இடத்தில் தோற்றுவிடும். மூலநிரல் முழுவதும் இணையத்தில் கிடைத்தாலும் அதுதான் நிலை. அத்தகையதை ‘சோர்ஸ் அவைலபிள்’ என்பார்கள். மூலம் காணக்கிடைக்கிறது, அவ்வளவுதான்.

‘ஓப்பன் சோர்ஸ் என்ற சொல் ஓ.எஸ்.ஐ.க்குச் சொந்தமா?’ என்று உடனே ஒருவர் கேட்பார். சட்டப்படி சொந்தமில்லை. வணிகச்சின்னமாகப் பதிவு செய்ய முயன்றார்கள், நடக்கவில்லை. ஆனால் தொழிலில் இருப்பவர்கள் கால் நூற்றாண்டாக அந்த வரையறையை வைத்துத்தான் பேசுகிறார்கள், ஒப்பந்தம் எழுதுகிறார்கள். இந்தக் கேள்விக்குள் இறங்கினால் பொழுது போய்விடும். ‘ஓ.எஸ்.ஐ. ஏற்ற உரிமம் என்ற பொருளில் சொல்கிறேன்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போங்கள்.

படி 2: செய்தியை விட்டு மூலத்துக்குப் போங்கள்

தலைப்பு சொல்வதற்கும் நடந்ததற்கும் இடைவெளி இருக்கும். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 20 அன்று, மூன்று கூறு பி.எஸ்.டி. என்ற தாராளமான உரிமத்தைக் கைவிட்டு, தன் சொந்த உரிமமான ஆர்.எஸ்.ஏ.எல். அல்லது எஸ்.எஸ்.பி.எல். (படி 3இல் பார்ப்போம்) இரண்டில் ஒன்றைப் பயனர் தேர்ந்துகொள்ளலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. இரண்டுமே ஓ.எஸ்.ஐ. ஏற்காதவை. மாற்றம் 7.4 பதிப்பிலிருந்து. சில நாட்களிலேயே, பி.எஸ்.டி. உரிமத்தில் இருந்த 7.2.4 பதிப்பை எடுத்து, லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் வால்கீ என்ற கிளை பிரிந்தது (நிரலைப் பிரதியெடுத்துத் தனித் திட்டமாக வளர்ப்பது, ஆங்கிலத்தில் ஃபோர்க்). 2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8இல் ஏ.ஜி.பி.எல். 3 மூன்றாவது தெரிவாகச் சேர்ந்தது. ஏ.ஜி.பி.எல். ஓ.எஸ்.ஐ. ஏற்றது.

இப்போது ‘ரெடிஸ் ஓப்பன் சோர்ஸா?’ என்று கேட்டால், ‘எந்தப் பதிப்பு?’ என்பதுதான் பதில். 7.2 ஆம். 7.4 இல்லை. 8 மறுபடியும் ஆம். பதிப்பு எண் சொல்லாத மறுமொழி எதையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் நிறுவனத்தின் சொந்த அறிவிப்பு. அதைப் பற்றி வந்த கட்டுரைகள் வேண்டாம். அடுத்து களஞ்சியத்தின் வேர் அடைவில் இருக்கும் ‘லைசன்ஸ்’ அல்லது ‘காப்பியிங்’ என்ற கோப்பு. அந்தக் கோப்புக்கு மட்டும் கமிட் (பதிவான மாற்றம்) வரலாற்றைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்தக் கமிட்டில் மாறியது என்று தெரியும். பிறகு அந்தக் கமிட்டுக்குப் பின் வந்த முதல் டேக் (பதிப்பு எண்ணைக் குறிக்கும் அடையாளம்) எது என்று பாருங்கள். அதுதான் புதிய உரிமத்தின் முதல் பதிப்பு.

மூன்று இடங்களில் புதியவர் வழுக்கி விழுவார். களஞ்சியப் பக்கத்தின் ஓரத்தில் காட்டும் உரிமப் பெயர், கோப்பைப் பார்த்து ஒரு நிரல் செய்யும் ஊகம். ஒன்றுக்கு மேற்பட்ட உரிமம் இருந்தால் அது தடுமாறும். இரண்டாவது, உள் அடைவுகள்: வேரில் எம்.ஐ.டி. உரிமம் இருக்கும், நிறுவனங்களுக்கு விற்கும் வசதிகள் உள்ள ஓர் அடைவுக்குள் மட்டும் வேறு உரிமக் கோப்பு கிடக்கும். கிட்லேப் அப்படித்தான் வைத்திருக்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு மூலக்கோப்பின் முதல் வரியில் இருக்கும் எஸ்.பி.டி.எக்ஸ். குறிப்பு, அதாவது அந்தக் கோப்பின் உரிமப் பெயரைச் சொல்லும் வரி. வேரில் உள்ளதும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், விவாதத்தில் கேட்க ஒரு நல்ல கேள்வி உங்கள் கையில் இருக்கிறது.

கண்டதை ஒரு குறிப்பில் எழுதிவையுங்கள்: தேதி, பதிப்பு, பழைய உரிமம், புதிய உரிமம், பதிப்புரிமை யாருடையது. இந்த ஐந்தும் இல்லாமல் மறுமொழிப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

ஏற்கெனவே வெளிவந்த பதிப்புக்குக் கொடுத்த உரிமத்தை, எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி போன்றவற்றில், பின்னோக்கிப் பிடுங்கிக்கொள்வது நடைமுறையில் இல்லை. உரிமம் மாறுவது புதிய பதிப்புகளுக்குத்தான். ‘நாளையிலிருந்து நம் சர்வரை நிறுத்த வேண்டுமா?’ என்ற பதற்றத்துக்கு இது போதும். ஆனால் பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் எத்தனை நாள் வரும் என்பது தனிக்கேள்வி. அதற்கு உரிமத்தில் விடை இருக்காது. அறிவிப்பில் தேட வேண்டும்.

படி 3: உரிமத்தை நீங்களே படியுங்கள்

எம்.ஐ.டி. உரிமம் இருநூறு சொல்லுக்குள் முடிந்துவிடும். அதைக்கூடப் படிக்காமல் அதைப் பற்றி வாதிடுபவர்கள் உண்டு. பி.எஸ்.டி.யும் அப்படியே சிறியது. அப்பாச்சி 2.0 கொஞ்சம் நீளம். காப்புரிமை தொடர்பாக அது தரும் வெளிப்படையான அனுமதிதான் அதன் தனிச்சிறப்பு. இவற்றில் அதிகம் குழம்ப ஒன்றுமில்லை.

குழப்பம் க்னூ திட்டத்தின் ஜி.பி.எல். குடும்பத்தில்தான். இரண்டாம் பதிப்பு 1991, மூன்றாம் பதிப்பு 2007. இதைப் பற்றி அடிக்கடி வரும் தவறுகள் இவை. ‘ஜி.பி.எல். மென்பொருளை விற்கக் கூடாது’: விற்கலாம். ‘மாற்றினால் உலகத்துக்கே வெளியிட வேண்டும்’: இல்லை. யாருக்குப் பிரதி கொடுக்கிறீர்களோ அவருக்கு மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே வைத்து ஓட்டினால் கடமை எதுவும் எழாது. இணையச் சேவையாக நடத்தினாலும் பயனருக்குப் பிரதி போவதில்லை, அதனால் அங்கேயும் எழாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏ.ஜி.பி.எல். வந்தது. அதன் 13ஆம் பிரிவை மட்டும் படியுங்கள்: நீங்கள் நிரலை மாற்றியிருந்து, வலைப்பின்னல் வழியாகப் பிறர் அதைப் பயன்படுத்தினால், அந்த மாற்றிய பதிப்பின் மூலநிரலை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ‘மாற்றியிருந்தால்’ என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் ‘ஏ.ஜி.பி.எல். தொட்டால் கம்பெனியே போச்சு’ என்று எழுதுகிறார்கள்.

மாங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் 2018 அக்டோபரில் கொண்டுவந்த எஸ்.எஸ்.பி.எல். உரிமமும் ஏறக்குறைய அதே உரைதான்; 13ஆம் பிரிவு மட்டும் வேறு. மென்பொருளைச் சேவையாக விற்றால், அந்தச் சேவையை நடத்தப் பயன்படுத்தும் மேலாண்மை, கண்காணிப்பு, பேக்கப் நிரல்கள் வரை எல்லாவற்றையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும் என்கிறது. கிளவுட் நிறுவனங்களால் நடைமுறையில் நிறைவேற்ற முடியாத நிபந்தனை. ஓ.எஸ்.ஐ.யின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டு 2019 மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பி.எஸ்.எல். (பிசினஸ் சோர்ஸ் லைசன்ஸ்) வேறு மாதிரி. அது ஒரு படிவம் போல. மேலே நிரப்ப வேண்டிய இடங்கள் இருக்கும். உரிமம் தருபவர் யார், எந்தப் படைப்பு, கூடுதல் பயன்பாட்டு அனுமதி என்ன, மாறும் தேதி எது, மாறிய பின் எந்த உரிமம். உயிர்நாடி நடுவில் இருக்கிற கூடுதல் அனுமதிதான். அந்த இடம் காலியாக இருந்தால் உற்பத்திச் சூழலில் பயன்படுத்தவே முடியாது. சோதித்துப் பார்க்கலாம், அவ்வளவே. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்ம் உள்ளிட்ட தன் மென்பொருள்களை ஓ.எஸ்.ஐ. ஏற்ற எம்.பி.எல். 2.0 உரிமத்திலிருந்து பி.எஸ்.எல். 1.1க்கு மாற்றியபோது, தன் விற்பனைப் பொருளோடு போட்டியிடும் சேவையாகக் கொடுக்காதவரை உற்பத்தியில் பயன்படுத்தலாம் என்று அந்த இடத்தில் எழுதியது. ஆகவே ‘பி.எஸ்.எல். என்றால் இன்னது’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் அந்தக் கட்டத்தில் எழுதியதை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

மாறும் தேதி அதிகபட்சம் நான்கு ஆண்டு. இங்கே ஒரு வழக்கமான பிழை: நான்கு ஆண்டு கழித்துத் திட்டம் முழுவதும் திறந்துவிடும் என்று நினைப்பது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனிக் கடிகாரம். இன்று வந்த பாதுகாப்புத் திருத்தம் இன்றிலிருந்து நான்கு ஆண்டு பொறுத்துத்தான் திறக்கும். ‘எப்படியும் ஓப்பன் சோர்ஸ் ஆகப்போகிறதே’ என்று யாராவது சமாதானம் சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

படி 4: மாற்ற முடிந்தது எப்படி என்று கேளுங்கள்

பதிப்புரிமை யாரிடம் இருக்கிறதோ அவரால்தான் உரிமத்தை மாற்ற முடியும். நூறு பேர் எழுதிய நிரலில் நூறு பேருக்கும் பங்கு உண்டு. அப்படியானால் ஒரு நிறுவனம் தனியாக எப்படி மாற்றுகிறது? இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, சி.எல்.ஏ. எனப்படும் பங்களிப்பாளர் ஒப்பந்தம். பங்களிக்கும் முன் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். விரும்பிய உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் பெரும்பாலும் அதற்குள் இருக்கும். களஞ்சியத்தின் ‘கான்ட்ரிபியூட்டிங்’ கோப்பில் அது கேட்கப்படுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பழைய உரிமமே தாராளமானதாக இருப்பது. பி.எஸ்.டி., எம்.ஐ.டி. நிரலை எடுத்துப் புதிய பகுதிகளோடு சேர்த்து வேறு உரிமத்தில் கொடுக்க, அறிவிப்பை மட்டும் அப்படியே வைத்திருந்தால் போதும்.

இதற்கு எதிர்முனையில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல். அங்கே சி.எல்.ஏ. கிடையாது. டி.சி.ஓ. என்ற உறுதிமொழி வரி ஒன்றைக் கமிட்டின் அடியில் போடுவார்கள். ‘இதைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்பது மட்டுமே அதன் பொருள். ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கும் பதிப்புரிமை என்பதால் ஜி.பி.எல். 2 அங்கே அசையாது. இடையில் நின்ற கதை இணைய இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல். தன் பழைய உரிமத்தை அப்பாச்சி 2.0க்கு மாற்ற 2017இல் பங்களிப்பாளர்களுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கி, 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பில்தான் முடித்தது. பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம் என்று அந்தக் கடிதத்தில் இருந்தது தனிச்சண்டை ஆனது.

பிடித்த திட்டம் நாளை மாறுமா என்று ஊகிக்க வேண்டுமானால், நிறுவனத்தின் வாக்குறுதிகளைப் படிப்பதைவிட இந்த ஒரு விஷயத்தைப் பார்ப்பது மேல். சி.எல்.ஏ.வும் ஒரே நிறுவனமும் சேர்ந்திருந்தால், மாற்றும் திறவுகோல் அவர்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

படி 5: கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

2023 ஜூன் 21 அன்று ரெட் ஹாட் நிறுவனம், சந்தாவுக்கு விற்கும் தன் நிறுவன லினக்ஸுக்கான பொது மூலநிரல் இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்ற தன் திறந்த திட்டம் வழியாக மட்டுமே வரும் என்றது. வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் தளத்தில் மூலநிரல் கிடைக்கும். அப்போது நடந்த விவாதம் புதியவருக்கு நல்ல பாடம். அதில் குறைந்தது நான்கு கேள்விகள் ஒரே சட்டிக்குள் கொதித்தன.

ஜி.பி.எல். மீறலா? பிரதி பெற்றவருக்கு மூலநிரல் தர வேண்டும் என்பதே கடமை, அது நடக்கிறது. ஆனால் அதை வெளியே பகிர்ந்தால் சந்தா நின்றுபோகலாம் என்றால், ஜி.பி.எல். 2இன் 6ஆம் பிரிவு தடுக்கும் ‘மேலதிகக் கட்டுப்பாடு’ ஆகுமா? இது சட்ட வாதம். இரு பக்கமும் விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது, சமூகத்துக்குக் கொடுத்த எதிர்பார்ப்பை உடைத்தார்களா? இது நியாயம் பற்றியது. அந்த லினக்ஸின் விலையில்லாப் பிரதியாக இருந்த சென்ட்ஓஎஸ் 8இன் ஆயுளை 2021 டிசம்பரோடு முடித்தது இங்கேதான் பொருந்தும். பிறகு, பிரதி எடுத்து விற்பவர்களும் உழைப்பவர்களும் ஒன்றா? இது பணம் பற்றியது. கடைசியாக, ரெட் ஹாட் பெயரையும் சின்னத்தையும் யார் பயன்படுத்தலாம்? இது வணிகச்சின்னம், மூலநிரல் உரிமத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை.

இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. நிரலை எடுக்கலாம், பெயரை எடுக்க முடியாது. அதனால்தான் கிளை பிரிந்தவை எல்லாம் பெயர் மாறின: டெராஃபார்ம் ஓப்பன்டோஃபு ஆனது, எலாஸ்டிக்சர்ச் ஓப்பன்சர்ச் ஆனது. டெபியன்கூட 2006 முதல் 2016 வரை ஃபயர்பாக்ஸை ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் கொடுத்தது.

உங்களுக்குப் பதில் சொல்பவர் எந்தக் கேள்வியில் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். நியாயம் பேசுபவரிடம் ‘உரிமம் அனுமதிக்கிறதே’ என்பதும், சட்டம் பேசுபவரிடம் ‘மனசாட்சி இல்லையா’ என்பதும் ஒரே வகைப் பிழை.

பணம் பற்றிப் பேசும்போது ‘பேராசை’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. அதே சமயம், முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்த நிறுவனம் ‘நாங்களும் அப்படித்தான் தவிக்கிறோம்’ என்று சொன்னால் அதை அப்படியே ஏற்கவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு வறுமை.

படி 6: ‘கிளை பிரித்துக்கொள்’ என்ற பதிலை அளந்து பாருங்கள்

ஃபோர்க் பட்டனை அழுத்த ஒரு நொடி. அதை ஐந்து ஆண்டு உயிரோடு வைப்பது வேறு. ஒரு கிளை நிலைக்குமா என்று சொல்ல நட்சத்திர எண்ணிக்கை உதவாது. கோபத்தில் அழுத்தியவை அவை. கடந்த மூன்று மாதக் கமிட்டுகளை ஆள் வாரியாக எண்ணுங்கள். தானியங்கிக் கணக்குகளைக் கழியுங்கள். எஞ்சியவர்களில் எத்தனை பேர் ஒரே நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பிரிந்த பிறகு சொந்தமாக ஒரு பெரிய பதிப்பு வந்ததா? பாதுகாப்பு ஓட்டையைத் தெரிவிக்க ஒரு முகவரி இருக்கிறதா, தெரிவித்த ஓட்டைக்குத் திருத்தம் எத்தனை நாளில் வந்தது? பெயர் யாரிடம் இருக்கிறது?

ஓப்பன்டோஃபு 2023 ஆகஸ்டில் ஓர் அறிக்கையாகத் தொடங்கி, செப்டம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் போய், 2024 ஜனவரியில் 1.6ஐ வெளியிட்டது. சம்பளம் கொடுத்து ஆள் போட நிறுவனங்கள் முன்வந்ததால் நடந்தது அது. அப்படி யாரும் முன்வராத கிளைகள் நாற்பது கமிட்டோடு நின்றுபோய்க் கிடக்கும்.

படி 7: பாதுகாப்புச் செய்தி என்றால் பதிப்பு எண்ணை முதலில்

2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் யாரோ ஒளித்துவைத்த பின்கதவு வெளியானதும் ‘லினக்ஸ் முழுவதும் ஊடுருவப்பட்டது’ என்ற தொனியில் பலர் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவை 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள். அவை பெரும்பாலும் சோதனை நிலை விநியோகங்களுக்குத்தான் போயிருந்தன. டெபியனின் நிலையான பதிப்பில் இல்லை. எஸ்.எஸ்.எச். வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டியதில் வெளிவந்தது.

இதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வெற்றி கொண்டாடியது. ‘திறந்திருந்ததால்தான் பிடிபட்டது’ என்றார்கள் சிலர், ‘திறந்திருந்தும் யாரும் பார்க்கவில்லையே’ என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே ஒரு விவரத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. பின்கதவை இயக்கிவைக்கும் துணுக்கு கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய டார் என்ற தொகுப்புக் கோப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. களஞ்சியத்தை எத்தனை கண்கள் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது. விவாதத்தில் பேச வேண்டியது, வெளியீட்டுக் கோப்பைக் களஞ்சியத்திலிருந்து மறுபடி உருவாக்கி ஒப்பிட வழி இருக்கிறதா என்பதை.

இன்னொரு விவரம் மறுமொழி எழுதும் எல்லோருக்கும் உறைக்க வேண்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், தனியாளாக இருந்த பராமரிப்பாளரிடம் ‘ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடு’ என்று முன்பின் தெரியாத கணக்குகள் அழுத்தம் கொடுத்திருந்தன. அந்த அழுத்தத்துக்குப் பிறகுதான் ஊடுருவியவர் பொறுப்புக்கு வந்தார். பொறுமையிழந்த பயனரின் குரல் போலவே அது ஒலித்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பராமரிப்பாளரின் பிழைப்பட்டியலில் போய்க் கோபத்தைக் கொட்ட வேண்டாம் என்பதற்கு மரியாதையைத் தாண்டியும் காரணம் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கு ஒரு குறிப்பு மட்டும். ‘ஓப்பன்’ என்று சொன்னால் எடைகள் (பயிற்சியில் கிடைத்த எண்கள்), பயிற்சி நிரல், பயிற்சித் தரவு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மெட்டாவின் லாமா 2 எடைகள் 2023 ஜூலையில் வெளிவந்தன. ஆனால் மாதம் 70 கோடிப் பயனருக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று உரிமத்தில் இருந்தது. படி 1இல் பார்த்த 5ஆம் நிபந்தனை அங்கேயே இடித்துவிடும். ஓ.எஸ்.ஐ. 2024 அக்டோபரில் தனி வரையறை ஒன்றை வெளியிட்டது. தரவு முழுவதையும் திறக்கச் சொல்லாததால் அதற்கும் அடி விழுந்தது.

படி 8: இப்போது எழுதுங்கள்

வழக்கமாகக் காணும் ஒரு மறுமொழி: ‘ரெடிஸ் இப்போது குளோஸ்டு சோர்ஸ். பேராசை. எல்லோரும் வால்கீக்கு மாறிவிட்டார்கள்.’ மூன்று வாக்கியம், மூன்று ஓட்டை. மூலநிரல் ஒருநாளும் மூடப்படவில்லை. பேராசை என்பது அடுத்தவர் மனத்துக்குள் புகுந்து சொல்வது. ‘எல்லோரும்’ என்பதை யாரும் எண்ணவில்லை. ஒருவர் முதல் வாக்கியத்தைத் திருத்துவார், இன்னொருவர் இரண்டாவதோடு மல்லுக்கு நிற்பார், நீங்கள் சொல்ல வந்தது தொலைந்துபோகும்.

அதையே இப்படி எழுதலாம்: ‘ரெடிஸ் 7.4 ஓ.எஸ்.ஐ. ஏற்ற உரிமத்தில் இல்லை, 8இல் ஏ.ஜி.பி.எல். தெரிவு இருக்கிறது. நாங்கள் நிரலை மாற்றாமல் ஓட்டுவதால் அதன் 13ஆம் பிரிவு எங்களைத் தொடாது. ஆனாலும் வால்கீயைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். பதினான்கு மாதத்தில் இரண்டு முறை மாறிய உரிமம் மூன்றாம் முறையும் மாறலாம் என்பது என் கணிப்பு. நான் கிளவுட் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன்.’ உண்மை முதலில், தன் நிலை அடுத்து, கணிப்பு கணிப்பு என்ற அடையாளத்தோடு, சொந்த நலன் கடைசியில். இதை மறுக்க வருபவர் கணிப்பை மட்டும்தான் மறுக்க முடியும். நமக்கு வேண்டியதும் அந்த விவாதம்தான்.

பதில் சொல்லும்போது எதிராளி எழுதிய வாக்கியத்தை அப்படியே மேற்கோளாக எடுத்துப் போட்டு அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ‘அப்படியானால் நீங்கள் சொல்வது...’ என்று அவர் சொல்லாததைத் தொடங்கிவைக்காதீர்கள். ஒருவரோடு இரண்டு சுற்று போதும். மூன்றாவது சுற்றில் புதிய தகவல் வருவது அபூர்வம்.

பேச்சு பெயர், சின்னம், நிறம் பக்கம் நழுவினால் கவனியுங்கள். அணுவுலைத் திட்டத்தை நிமிடத்தில் ஒப்புக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு மணிக்கணக்கில் வாதாடும் குழுவைப் பற்றி 1957இல் பார்க்கின்சன் சொன்னதை, 1999இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தின் விவாதம் ஒன்றில் போல்-ஹென்னிங் காம்ப் எடுத்துக்காட்டினார். அன்றிலிருந்து இதற்குக் கொட்டகை என்றே பெயர். எளிதாகப் புரிவதில் எல்லோருக்கும் கருத்து இருக்கும். லினக்ஸில் மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி பற்றிய இழையும் அப்படித்தான். அதை ஏற்று டெபியன் 2014இல் எடுத்த முடிவு இன்றும் சம்பந்தமில்லாத இடங்களில் தலைகாட்டும். வந்தால் தொடாமல் நகர்ந்துவிடுங்கள்.

எழுதிய பிறகு தவறு என்று தெரிந்தால் பழைய வரியை அழிக்காதீர்கள். அதற்குப் பதில் எழுதியவர்களின் வாக்கியங்கள் அந்தரத்தில் தொங்கும். கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் அடியில் தேதியோடு சேருங்கள்: ‘திருத்தம்: 7.2 பதிப்பின் உரிமமும் மாறியது என்று எழுதியிருந்தேன். தவறு, மாறியது 7.4 முதல்.’